டீச்சர் வூட்டுக்காரர்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் போதகர் ஞானசிகாமணியின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். சுகிர்தம் டீச்சர் வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரரிலிருந்து தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர் வரை கை காட்டுவார்கள். இரண்டும் ஒரே வீடுதான். சிறிய ஆலயம் ஒன்று, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு இரண்டு அறைகள், முன்னால் ஒரு முருங்கை மரம். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஆலயத்தின் போதகர் அவர். ஆனால் ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'டீச்சர் வூட்டுக்காரர்'.

ஆலயத்தின் இரும்பு கேட் கீல் விட்டுப்போனபோது, அதைச் சரிசெய்ய ஆள் தேடித் தட்டாஞ்சாவடிக்குப் போனார். பட்டறை முதலாளி சக்கரபாணி முதலில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை குவிந்து கிடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பேச்சுவாக்கில் சாரம், சர்ச் என்று காதில் விழுந்ததும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டீச்சர் வூட்டுக்காரரா நீங்க? முன்னாலயே சொல்றதில்லையா சார். ஒக்காருங்க."

நாற்காலி வந்தது, டீ வந்தது. கேட்டும் அன்று மாலையே சரியாகிவிட்டது. சக்கரபாணி அந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். ஒரு வருடம் புனித வெள்ளி அன்று ஆலயத்துக்கு எதிர்க் கடையில் டீ குடிக்க நின்றவர், டீச்சர் ஆர்கன் வாசித்ததைக் கேட்டுவிட்டு ஆராதனை முடியும்வரை நகராமல் நின்றிருக்கிறார். அவ்வளவுதான் சம்பந்தம். போதகர் அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். நல்ல டீதான்.

சுகிர்தம் பண்ருட்டிக்காரர். அப்பா அங்கே ஓர் ஆலயத்தில் உபதேசியார். வீட்டில் இருந்த ஒரே உருப்படியான பொருள் ஓர் ஆர்மோனியப் பெட்டி. கை எட்டாத வயதிலேயே அதன் துருத்தியை அமுக்கப் பழகி, அப்பாவுக்குச் சுருதி தப்பினால் அவரிடமே சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதுச்சேரியில் அரசுப் பள்ளி வேலை கிடைத்த வருடமே ஞானசிகாமணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் இறையியல் கல்லூரி முடித்து வந்த புதிது. பெரிய படிப்பாளி. ஒரு பிரசங்கத்துக்கு வாரம் முழுக்கத் தயார் செய்வார். ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் மூலமொழியில் என்னென்ன பொருள் என்று அடுக்குவார். குரல்தான் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. சபையார் சேர்ந்து மைக் வாங்கிக் கொடுத்தார்கள். அது கடைசி வரிசை வரைக்கும் ஒரே மாதிரித் தூக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆலயத்தில் அப்போது வாத்தியம் என்று எதுவும் கிடையாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தா குடும்பம், பிள்ளைகளோடு அந்த நாட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று பூந்தொட்டி வைக்கும் மேடையாக நின்றுகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போனால் புண்ணியம் என்று அந்த வீட்டு மதாம் சொன்னார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சுகிர்தம் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, துருத்தித் தோலை மாற்றி, ஒட்டிப்போன கட்டைகளை ஒவ்வொன்றாக எழுப்பினார். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறன்று முதல் கீர்த்தனைக்கு அவர் கால் மிதித்தபோது, ஆலயத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து புறாக்கள் கலைந்து பறந்தன. போதகரும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். மனைவியைப் பார்த்துப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை ஒரு மழைக்காலம் வரைக்கும் இருந்தது.

எப்போது அது வேறொன்றாக மாறியது என்று அவருக்கே சொல்லத் தெரியாது. பாட்டின்போது நிமிர்ந்து உட்காருபவர்கள், அவர் பிரசங்கபீடத்துக்கு ஏறியதும் சாய்ந்து உட்காருவதைப் பார்த்தார். விசிறிக்கொண்டிருந்த கைகள் பாட்டில் நின்றுபோவதையும் பிரசங்கத்தில் மறுபடி விசிறத் தொடங்குவதையும் பார்த்தார். கைபேசி வந்த பிறகு இன்னும் மோசம். டீச்சர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் பத்துக் கைகள் படம் பிடிக்க உயரும். அவர் வாய் திறந்தால் பத்தும் இறங்கும். சபை இளைஞர்கள் தனியாக ஒரு கேமராவில் பிடித்து இரண்டையும் இணையத்தில் ஏற்றினார்கள். பாட்டை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். பிரசங்கத்தைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவர்களில் ஒருவர் போதகரே.

இது போதாதென்று பள்ளிக்கூடம் வேறு.

டீச்சருக்குக் கனகசெட்டிக்குளம் தொடக்கப்பள்ளி. புதுச்சேரியின் வடக்கு எல்லையில் கடலோரத்தில் இருக்கும் மீனவக் கிராமம். தினமும் காலையில் பேருந்து பிடித்துப் போய்விடுவார். பிள்ளைகள் வகுப்புக்கு வராமல் கரையில் வலை இழுக்க நின்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்துபோய்க் கூட்டிவருவார். வாய்ப்பாட்டுக்கு மெட்டு, வாரத்தின் நாட்களுக்கு மெட்டு, உயிரெழுத்துக்கு ஒரு மெட்டு. மீன் விற்கும் கன்னியம்மாளின் மகள் துர்காவுக்குத் திக்குவாய். வருகைப் பதிவில் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் வகுப்பே சிரித்துவிடும் என்பதால் அந்தக் குழந்தை பள்ளிக்கே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. டீச்சர் அடுத்த நாளிலிருந்து எல்லாப் பெயரையும் ராகத்தில் கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ராகத்திலேயே பதில் சொல்ல வேண்டும் என்றார். பாடினால் துர்காவுக்குத் திக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் பாடாமலும் பேசியது. அதிலிருந்து கன்னியம்மாள் தன் மீன் கூடையோடு நகரத்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருவார். கூடையை வாசல் முருங்கை மரத்தடியில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார். சாமி கும்பிடுவதெல்லாம் அவருக்கு ஊர் மாரியம்மனிடம்தான். இங்கே டீச்சர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

போதகர் பிரசங்கபீடத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் அந்த முதுகைப் பார்த்தார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மற்ற வீடுகளில் அது ஒரு பெரிய குறையாகப் பேசப்படும். டீச்சருக்குப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சாயங்காலம் கொயர் ஒத்திகை, சனிக்கிழமை மறுநாள் ஓய்வுநாள் பள்ளிக்கான தயாரிப்பு, மீதி நேரத்தில் யாராவது ஒரு குழந்தையின் தாய் வாசலில் நிற்பார். போதகருக்குத்தான் நேரம் இருந்தது. ஆண்டு விழாவுக்கு ஒருமுறை பள்ளிக்குப் போனவரை மேடையின் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை அமுதவல்லி வந்திருந்த எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றார். அவரிடம் வந்ததும் ஒரு கணம் தடுமாறி, நம் சுகிர்தம் டீச்சரின் கணவரும் வந்திருக்கிறார் என்று முடித்துவிட்டார். கைதட்டல் பலமாகவே எழுந்தது. யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிறன்று அவர் பாட்டுகளைக் குறைத்தார். ஆராதனை நீண்டுபோகிறது, வயதானவர்கள் சர்க்கரை நோயோடு காத்திருக்கிறார்கள் என்று காரணம் சொல்லிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து நான்காகி, நான்கு மூன்றாயிற்று. பிரசங்கம் அதே அளவுக்கு நீண்டது. அதுவும் ஆறுதல் தரவில்லை. மூன்று பாட்டுக்கும் பழையபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்போது கமிட்டியில் ஒரு யோசனையை முன்வைத்தார். இளைஞர்களுக்கு நவீன இசை வேண்டும், விமல்ராஜ் கீபோர்டு வாசிக்கட்டும், டீச்சருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். விமல்ராஜ் கல்யாண வரவேற்புகளில் வாசிப்பவர், இரண்டு குழந்தைக்குத் தகப்பன், சபையின் பழைய ஆள். அவர் தயங்கினார். டீச்சர் இருக்கையில் நான் எப்படி ஐயா என்று கேட்டார். டீச்சரே தலையாட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

சுகிர்தம் ஆர்கனின் மூடியை இறக்கி, மேலே ஒரு பூவேலை செய்த துணியை விரித்துவிட்டு, பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முதல் ஞாயிறன்றே கன்னியம்மாள் கேட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலில் கை குலுக்க நின்ற போதகரிடம் கேட்டார்.

"டீச்சரு இன்னிக்கி வாசிக்கலயா ஐயா?"

"வேற ஒருத்தர் வாசிக்கிறார். நல்லா வாசிப்பார்."

"அப்ப நான் கெளம்புறேன். நண்டு வெயில்ல கெட்டுப்பூடும்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த நண்டு அதுவரை எந்த வெயிலிலும் கெட்டதில்லை.

அந்த மாதங்களில் டீச்சர் வீட்டுக்குத் திரும்புவது தாமதமாயிற்று. ஆலயத்தில் இல்லாத பாட்டெல்லாம் பள்ளிக்குப் போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி, பக்கத்துப் பள்ளிகளோடு கும்மிப் போட்டி என்று தினமும் ஏதாவது இருந்தது. ஆலயத்தில் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வீட்டில் சமையல் நடந்தது, ஜெபம் நடந்தது, பேச்சும் நடந்தது. ஆனால் பாத்திரம் கழுவும்போது அவர் முனகும் ராகம் நின்றுபோயிருந்தது. போதகருக்கு அது கேட்டது. இவ்வளவு செய்தும் பொறாமை மட்டும் குறையவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம். முன்பு ஆர்கனைப் பார்த்து எரிந்தவர், இப்போது கனகசெட்டிக்குளம் போகும் பேருந்தைப் பார்த்து எரிந்தார்.

ஒரு தை மாதக் காலையில் கன்னியம்மாளின் கணவர் காசிலிங்கம் போன ஃபைபர் படகு, கரை திரும்பும்போது அலையில் கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். படகு காசிலிங்கத்தின் தலையில் இடித்துவிட்டது. செய்தி பள்ளிக்குத்தான் முதலில் வந்தது. டீச்சர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் அந்த வீட்டுக்குப் போகிறேன், வர நேரமாகும் என்றார். போதகர் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினார். துக்கம் விசாரிக்கத்தான் போனார் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டிலும் எல்லோரும் டீச்சர் டீச்சர் என்று சுற்றி நிற்கப்போகிறார்கள், அதைப் பார்க்காமல் வீட்டில் இருப்பு கொள்ளவில்லை என்பதே உண்மை.

ஆனால் அங்கே அவர் பார்த்தது வேறு. வீட்டு வாசலில் ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூட்டத்துக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சுகிர்தம் தனியாக நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. கன்னியம்மாள் தலையை விரித்துப்போட்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். அவரை எப்படித் தொடுவது, என்ன சொல்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை. துர்கா ஒருமுறை ஓடி வந்து டீச்சரின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவர் அந்தத் தலையைத் தடவினார்.

போதகருக்கு இது பழக்கப்பட்ட இடம். கிறிஸ்தவர் வீடோ வேறு வீடோ, சாவு வீடு சாவு வீடுதான். உடல் ஆஸ்பத்திரியில் இருந்து எப்போது வரும் என்று ஆண்களிடம் மெதுவாக விசாரித்தார். யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எடுத்துச் சொல்லி அனுப்பினார். பிறகு கூட்டத்தில் யாருமே கவனிக்காமல் விட்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தார். காசிலிங்கத்தின் தகப்பனார், வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக் இல்லாமல், வசனம் இல்லாமல், மூலமொழி இல்லாமல் வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழவர் கடைசியில் இவர் யார் என்றுகூடக் கேட்காமல் தோளில் சாய்ந்து அழுதார். சட்டைத் தோள் முழுக்க நனைந்தது. உடல் வந்து, எடுத்துக்கொண்டு போகும்வரை அவர் இவர் கையை விடவில்லை.

திரும்பும் பேருந்து காலாப்பட்டைத் தாண்டியது. சுகிர்தம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"எனக்கு உங்க மேல பொறாமையா இருக்குதுங்க."

போதகர் தன் காதை நம்பாமல் திரும்பினார்.

"இன்னிக்கி வந்தது இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து இருக்குது. ஒரு வூட்ல சாவுன்னா உங்களத்தான் கூப்புடுறாங்க. யாருக்கும் காட்டாத மொகத்த உங்ககிட்ட காட்டுறாங்க. நான் வாசிச்சா நல்லாருந்துது டீச்சர்னு சொல்லிட்டு சாப்புடப் போயிடறாங்க. அந்தப் பெரியவரு உங்க தோள்ல சாஞ்சாரே, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. சாவு வூட்ல நின்னுக்கிட்டு இதுக்குப்போயி எரியுதேன்னு அசிங்கமாவும் இருந்துது."

பொறாமை என்பது அந்த வீட்டில் தனக்கு மட்டும் உரிய சொத்து என்று அத்தனை வருடம் போதகர் நினைத்திருந்தார். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் ஒன் மேல இருந்துது. அதாலதான் நான் ஒன் பாட்டக் கொறச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நம்ம சர்ச் கடியாரம் வேகமா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா. அதக் காட்டி பேசினீங்க பாருங்க, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சி."

இதற்குப் பிறகும் அவர்கள் சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பேருந்தில் நல்ல கூட்டம். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, வருகிற ஞாயிறன்று நீயே வாசி என்று மட்டும் போதகர் சொன்னார். விமல்ராஜை வருத்தப்பட வைக்க வேண்டாம், அவரும் சேர்ந்து வாசிக்கட்டும் என்றார் சுகிர்தம். அப்படியே நடந்தது. ஆர்கனும் கீபோர்டும் சேர்ந்து ஒலித்த முதல் ஞாயிறு யார் யாரைப் பின்தொடர்வது என்று தெரியாமல் ஒரே களேபரம். ஆனாலும் சபை நிமிர்ந்துதான் உட்கார்ந்தது. போதகருக்குள் அந்தப் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. அது போய்விடும் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் அவர்தான் ஏமாந்தவர்.

அவர் செய்த அடுத்த காரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. வருடத்தில் ஒருநாள் பெண்கள் ஞாயிறு வரும். வழக்கமாக வெளியூரிலிருந்து யாராவது ஓர் அம்மையாரைப் பேச அழைப்பார்கள். இந்த முறை டீச்சர் பிரசங்கம் செய்யட்டும் என்றார். கமிட்டியில் இருந்த இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. தன்னை அழைப்பதுபோலச் சாவு வீடுகளுக்கு அழைக்கப்படாத மனைவிக்கு, குறைந்தது பீடமாவது ஒருநாள் கிடைக்கட்டும் என்ற ஆசை அதில் இருந்தது. அவள் ஏறிப் பார்க்கட்டும், அப்போது தெரியும் என்பதும் இருந்தது.

சுகிர்தம் ஒரு மாதம் தயார் செய்தார். மேலே ஏறி நின்றதும் அது அவருக்கு வகுப்பறையாகிவிட்டது. ஒவ்வொரு கருத்தையும் சொல்லி முடித்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் ஓய்வுநாள் பள்ளியில் அவரிடம் படித்தவர்கள், "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகச் சொன்னார்கள். பிறகு முதலிலிருந்து மீள்பார்வை செய்தார். விசிறிகள் ஆட ஆரம்பித்தன. நாலாவது வரிசையில் ஒருவர் வாய் பிளந்து தூங்கினார். போதகர் முன் பெஞ்சில் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் அனுபவித்த மிக நல்ல பிரசங்கம் அதுவே என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுகிர்தம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"உங்களுக்கு சந்தோஷம்."

"ஆமா."

"எவ்ளோ பேரு தூங்குனாங்க?"

"எனக்குத் தூங்குறவங்கள விட கொஞ்சம் அதிகம்."

அப்போது இருவரும் சிரித்தார்கள். நெடுநேரம் சிரித்தார்கள் என்று பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி சொல்வார். அவருக்கு அந்தச் சிரிப்புக்கான காரணம் தெரியாது. பாஸ்டர் வீட்டில் அப்படிச் சிரித்து அவர் அதற்குமுன் கேட்டதில்லை.

பணி ஓய்வு பெற்ற மறு வருடம் டீச்சருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது, பிறகு கட்டைகளில். நரம்பு மருத்துவர் மாத்திரை எழுதினார். அது இனி கூடவே இருக்கும், அதிகம் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். டீச்சர் இடது கையால் மட்டும் வாசித்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் அதையும் விட்டார். விமல்ராஜ் தனியாக வாசித்தார். உண்மையில் நன்றாகவே வாசித்தார், இத்தனை வருடம் பக்கத்திலிருந்து பழகியவர் ஆயிற்றே. டீச்சர் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து அவர் விரல்களையே பார்ப்பார். பெண்கள் போய் விமல்ராஜைப் பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"காலால மிதிக்கவே இல்ல, கரண்டுல சத்தம் வருது. அதப் போயி பாராட்டுறாங்க" என்பார் வீட்டில்.

"அந்த எரிச்சலு மொதல் ஆறு மாசம் ரொம்ப இருக்கும். அப்பறம் பழகிடும்" என்பார் போதகர்.

இந்த விஷயத்தில் அவரைவிட நன்றாக ஆறுதல் சொல்லக்கூடியவர் புதுச்சேரியில் யாரும் இருந்திருக்க முடியாது. மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தார், சட்டை பட்டனை விடச் சின்னதான அவர் ரவிக்கைக் கொக்கிகளை மாட்டப் பழகினார், சோறு பிசைந்து கொடுத்தார். பார்க்க வருபவர்கள் அதிகமானால் மட்டும் சலித்துக்கொள்வார். ஊரே டீச்சரைப் பங்குபோட்டுக்கொண்டு கடைசியில் இந்தச் சில வருடம்தான் அவருக்கென்று மிஞ்சியிருந்தது. அதிலும் கேட் தட்டும் சத்தம் கேட்டால், தூங்குகிறார் என்று இரண்டொரு தடவை பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளிருந்து டீச்சர், யாரு, உள்ள வாங்க என்று குரல் கொடுத்து அவரை மாட்டிவிடுவார்.

ஒரு மார்கழியில் நெஞ்சுச் சளி கட்டி, அதிலிருந்து எழாமல் சுகிர்தம் இறந்துபோனார்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து வேன் வேனாக வந்தார்கள். ஆலயம் கொள்ளாமல் தெருவில் பந்தல் நீட்ட வேண்டியிருந்தது. எத்தனையோ அடக்க ஆராதனை நடத்திய ஞானசிகாமணி, அன்றைக்குத் துக்கப்பட்டவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடலூரிலிருந்து வந்த போதகர் வெற்றிச்செல்வன் ஆராதனையை நடத்தினார். அவருக்கு மணியான குரல். டீச்சரை இரண்டு முறைதான் பார்த்தவர். ஆனாலும் சக்கரபாணி உட்பட எல்லோரையும் அழவைத்துவிட்டார். தன் மனைவியைப் பற்றித் தன்னைவிட நன்றாக ஒருவர் பேசிவிட்டார் என்ற எண்ணம், பெட்டி பக்கத்தில் இருக்கும்போதே ஞானசிகாமணிக்கு வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு, இதை வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்வது என்ற நினைப்பு வந்தது. அதுவரை அழாமல் இருந்தவர் அங்கேதான் உடைந்தார்.

அடுத்த கோடையில், டீச்சரிடம் படித்தவர்கள் பள்ளி வளாகத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். துர்கா அதற்குத் தொகுப்புரை செய்தார். இப்போது அவர் ஒரு கைபேசிக் கடையில் வாடிக்கையாளர்களிடம் நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருக்கிறார். ஒவ்வொருவராக மேடையேறி, டீச்சருக்கு என்மேல்தான் பிரியம் அதிகம் என்றே தொடங்கினார்கள். போதகர் வாயை இறுக்கிக்கொண்டு கேட்டார். ஒரு வழியாக அதைத் தாங்கிக்கொண்டார். கன்னியம்மாள் மைக்கைப் பிடித்ததும்தான் தாங்க முடியாமல் போனது. டீச்சர் வாரத்தில் ஒருநாள் மத்தியானம் தன் வீட்டுக்கு வந்துவிடுவார், கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே மாட்டார், தன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்புதான் வேண்டும் என்பார், கத்தரிக்காயைக் குறைத்துப் போடு கன்னியம்மா என்று ஒவ்வொரு முறையும் சொல்வார் என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

போதகர் சிரிக்கவில்லை. அவர் கடலூர் துறைமுகத்துப் பக்கம் பிறந்தவர், கருவாடு என்றால் உயிர். கல்யாணமான புதிதில் சுகிர்தம் தன்மையாகச் சொன்னார்: கொயர்காரர்கள் வந்துபோகிற வீடு, ஒத்திகை நடக்கிற அறை, கருவாட்டு வாசனை வந்தால் நன்றாக இருக்காது. அதிலிருந்து அவர் கருவாட்டைத் தொட்டதில்லை. அந்த இல்லறம் முழுக்க முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டவர்.

கூட்டம் முடிந்ததும் நேராகக் கன்னியம்மாளின் வீட்டுக்குப் போனார். அவர் பதறிப்போய்ப் பாய் விரித்தார். இன்றைக்குக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டார் போதகர். இருந்தது. தட்டில் சோற்றைப் போட்டு ஊற்றியதும், முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு வெகுநேரம் மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட சொன்னதே இல்லம்மா" என்றார்.

"சொன்னா நீங்களும் கேப்பீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் கன்னியம்மாள்.

வேறு என்னவெல்லாம் இங்கே செய்வாள் என்று கேட்டார் போதகர். சினிமாக் கதை சொல்வார், எந்த நடிகைக்கு எந்தப் புடவை நன்றாக இருந்தது என்று சொல்வார், சில நாள் சாப்பிட்டதும் காலை நீட்டிக்கொண்டு கொஞ்சம் தூங்குவார் என்று கன்னியம்மாள் சொல்லிக்கொண்டே போனார். அந்த சினிமாப் பேச்சும் மத்தியானத் தூக்கமும் போதகருக்குத் தெரியாத சுகிர்தத்தினுடையவை. ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க அவருக்கு எரிந்தது. எரிந்தாலும், இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது, அடுத்த வாரம் வஞ்சிரக் கருவாடு வைக்கப்போவதாகவும், வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட்டு வரும்படியும் கன்னியம்மாள் சொன்னார். டீச்சருக்கு வஞ்சிரம் வைத்துக் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார் போதகர். இல்லை, அவருக்கு நெத்திலியும் வாளையும்தான் என்றார் கன்னியம்மாள்.

அப்படியானால் வருகிறேன் என்றார் போதகர்.